பாய் இழைக்காத அம்மா

எனக்கு அவன்மேல் பொறாமை. இந்த மூன்றெழுத்துச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மூன்று வருடம் பிடித்தது. எழுத்துக்கு ஒரு வருடம். அதுவரை அவனுடைய பாட்டில் யாப்பு இல்லை, ஆழம் இல்லை, ஆறு மாதத்தில் சனம் மறந்துவிடும் என்றெல்லாம் பார்த்தவர்களிடம் சொல்லித் திரிந்தேன். ஆறு மாதம் ஆறு தடவை போய்விட்டது. ஒருவரும் மறக்கவில்லை. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்பார்கள். எனக்கு ஆடத் தெரியும். அதுதான் இதில் உள்ள வயிற்றெரிச்சல்.

நான் பாட்டு எழுதிப் பிழைப்பவன். மட்டக்களப்புப் பக்கம் களுதாவளையில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னால், கேட்பவர் கொஞ்ச நேரம் முகத்தைப் பார்ப்பார். பிறகு, "அது சரி, மறுகா வேலைக்கு என்ன செய்யிறீங்க?" என்பார். இதுதான் வேலை என்று விளக்குவதை நான் விட்டு வெகுகாலம். கோயில் திருவிழாவுக்குப் பாட்டு எழுதுகிறேன். கல்யாண வீட்டுக்கு வாழ்த்து மடல், ஓய்வு பெறும் பள்ளிக்கூட அதிபருக்குப் பிரியாவிடைப் பா, பாலர் பாடசாலைக்குக் கீதம் எல்லாம் எழுதுகிறேன். புதிதாகத் திறக்கும் புடைவைக் கடைக்காக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கத்திக்கொண்டு போவார்களே, அந்த நாலு வரியும் நான்தான். தேர்தல் காலத்தில் ஒரே மெட்டில் இரண்டு கட்சிக்கும் எழுதியிருக்கிறேன். இரண்டும் தோற்றன.

இவை எல்லாவற்றையும்விட நம்பக்கூடிய வேலை சாவு. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்பது அதன் பெயர். முதல் பக்கத்தில் இறந்தவரின் படம். அடுத்தது இறந்த ஆண்டு, மாதம், திதி எல்லாம் அடங்கிய ஒரு வெண்பா. அதன்பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாகப் பாட்டுகள். புலம்புகிறவர்கள் யாரும் அதை எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன். களுவாஞ்சிகுடியில் ஓர் அச்சகத்தின் மூலையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, காலையில் கணவனை இழந்த பெண்ணாக அழுவேன், சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தாவை இழந்த பேரனாக அழுவேன்.

முப்பத்தொரு நாள் இருக்கிறது என்றுதான் பெயர். வீட்டார் அச்சகத்துக்கு வந்து சேர்வது இருபத்தைந்தாம் நாள். அதற்குள் அத்தனை பேருக்கும் புதிதாக அழ யாராலும் முடியாது. அதனால் கணினியில் கோப்புகள் வைத்திருக்கிறேன். ஒன்றின் பெயர் 'அம்மா பொது'. இன்னொன்று 'அப்பா பொது'. 'திடீர் மரணம்', 'வெளிநாட்டில் மரணம்' என்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து ஊரையும் பேரையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மாற்றினால் காரியம் முடிந்தது. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் செய்வதுதான். ஆனால் எனக்கென்று இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. ஒரே ஊரில் ஒரே பாட்டை இரண்டு தடவை போடமாட்டேன். எனக்குத் தெரிந்த ஆள் இறந்தால் கோப்பைத் திறக்கமாட்டேன், புதிதாகத்தான் எழுதுவேன்.

அவனை நான் சந்தித்தது மட்டக்களப்பு நகரத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில். கூடம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு கடையின் மேல்மாடியில் ஓர் இசையமைப்பாளரின் அறை, சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். ஒரு பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்காக அங்கே ஒன்பது பாட்டுப் பதிவு செய்தார்கள். ஐந்து எனக்கு, நாலு அவனுக்கு. அவன் பழுகாமத்துக்காரன், என் வயதுதான். வட்டையில் உழவை நிறுத்திவிட்டு அப்படியே வந்திருந்தான், செருப்பில் வயல் சேறு காய்ந்திருந்தது. கையில் கொப்பி இல்லை, பேனை இல்லை. எனக்கு அன்றைக்கே ஒரு நிம்மதி. இவன் நமக்குப் போட்டியில்லை என்று நினைத்தேன்.

நான் பாட்டு எழுதும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகுதான் என் எரிச்சல் விளங்கும். இப்போதெல்லாம் மெட்டுத்தான் முதலில் வரும். இசையமைப்பாளர் அதை 'லாலா லாலா' என்று பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் அதை நாற்பது ஐம்பது தடவை கேட்பேன். கொப்பியில் குறிலுக்கு ஒரு புள்ளி, நெடிலுக்கு ஒரு கோடு போட்டு முழு மெட்டையும் வரைந்துவிடுவேன். மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு வட்டம். உச்சத்தில் நிற்கிற இடத்தில் 'ஆ' அல்லது 'ஓ' வரவேண்டும், அங்கே 'இ' வந்தால் பாடகியின் தொண்டை நெரிபடும். நீட்டி நிறுத்தும் இடத்தில் வல்லின ஒற்று வரக்கூடாது. இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சொல்லை உட்காரவைப்பேன். பல்லவிக்கு மட்டும் சில வேளை மூன்று நாள் போகும்.

அவன் என்ன செய்வான் தெரியுமா? மெட்டை இரண்டு தடவை கேட்பான். பிறகு டிராக்டரில் ஏறிப் போய்விடுவான். உழுதுகொண்டே வாயில் வருகிற எதையாவது அந்த மெட்டில் கத்துவான். பின்னேரம் இறங்கும்போது எந்த வரி ஞாபகத்தில் இருக்கிறதோ அதுதான் பாட்டு. மற்றதெல்லாம் போகட்டும் என்பான்.

"டிராக்டர் சத்தத்துக்கு மேல நிக்கிற வரிதான் மச்சான் வரி. கொப்பில எழுதினா எல்லா வரியும் நல்ல வரிமாதிரித்தான் கிடக்கும்."

நான் சிரித்தேன். அன்றைக்கு அது எனக்குப் பகிடியாக இருந்தது.

அப்போது நாங்கள் நல்ல சிநேகிதர்கள். மாதத்தில் இரண்டு தடவையாவது பட்டிருப்புப் பாலம் தாண்டி அவன் வீட்டுக்குப் போவேன். வீட்டுக்குப் பின்னால் ஆறு. வாவி என்று புத்தகத்தில் எழுதுவோம், கரையில் இருப்பவர்களுக்கு அது ஆறுதான். கரையில் ஒரு பழைய தோணியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், அதன் மேல் உட்கார்ந்து மெட்டுக்குச் சொல் தேடுவோம். அவன் வீட்டில் அவனும் அம்மாவும் மட்டும்தான். நான் ஒருநாளும் சொல்லிவிட்டுப் போனதில்லை. வேலையில்லாத நாளில் பஸ் ஏறிவிடுவேன். போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டியிருக்கும். அம்மா என்னைக் கண்டதும் தொடங்குவார்.

"சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்காய் பாரு. பானை கழுவிக் கவுத்த பொறகு வாறதுதான் உனக்கு வேலை. இப்ப நான் உனக்கு என்னத்தத் தாற?"

ஏசிக்கொண்டே அடுப்பை மறுபடி மூட்டுவார். இருக்கிற மீனை வைத்து ஒரு சொதியாவது ஆகிவிடும். நான் சாப்பிட்டுக் கிளம்பும்போதும் பின்னாலேயே வாசல் படலை வரைக்கும் வந்து ஏதோ சொல்வார். நான் அதற்குள் அன்றைக்கு எழுதிய பல்லவியை மனதுக்குள் ஓட்டத் தொடங்கியிருப்பேன். சரி அம்மா, சரி அம்மா என்றுவிட்டு வந்துவிடுவேன்.

பிறகுதான் அந்த மெட்டு வந்தது. அதே இசையமைப்பாளர்தான், அந்த முட்டை அட்டைக்காரர். அதை எங்கள் இருவருக்கும் அனுப்பியிருந்தார். "ரெண்டு பேரும் எழுதுங்க அண்ணன். எது நிக்குதோ அத எடுப்பம்" என்றார். கணவன் கட்டாரில், மனைவி இங்கே. அவள் பாடுகிற பாட்டு. எங்கள் பக்கத்தில் இந்தக் கதை இல்லாத தெருவோ ஒழுங்கையோ கிடையாது. நான் ஒரு கிழமை எடுத்தேன். 'பாலைவனக் காற்றே, என் பதியிடம் சொல்வாயோ' என்று தொடங்கினேன். எதுகை, மோனை, மூச்சு, உச்சம், ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. இன்றைக்கும் சொல்கிறேன், முடியாது.

அவன் எழுதியது: 'வாறதெண்டாச் சொல்லு, சோறு வைக்கிறன்.'

அவ்வளவுதான் பல்லவி. அதையே திருப்பித் திருப்பி மூன்று தடவை. சரணத்தில் மழை பெய்ததும் ஆடு குட்டி போட்டதும் வந்தன, அவற்றை விடுங்கள். நாலே நாலு சொல். இசையமைப்பாளர் எனக்கு அழைப்பு எடுத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணன், உங்கட வரி சோக்கா இரிக்கி. ஆனா காத்திட்ட ஆரும் இப்ப சொல்லி விடுறல்லத்தானே. வாட்ஸ்அப் இரிக்கே."

பரவாயில்லை என்றேன். பாட்டு வெளிவந்த அன்று கலைஞர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பூங்கொத்துப் படங்கள் மழையாகக் கொட்டின. நானும் 'வாழ்த்துகள் மச்சான்' என்று போட்டேன். அந்த இரண்டு சொல்லை எழுதி அழித்து எழுதி அனுப்ப எனக்கு முக்கால் மணித்தியாலம் போனது. யூடியூப்பில் என் கைபேசியில் லைக் போட்டேன். பிறகு மனைவி குளிக்கப் போன நேரம் அவளுடைய கைபேசியை எடுத்து டிஸ்லைக் போட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் செய்ததைத்தானே எழுதவேண்டும். நாலைந்து நாள் கழித்து அவள் அந்தப் பாட்டைத் தேடிப் பார்த்துவிட்டு, "இஞ்ச பாருங்க, நான் இதுக்கு எப்ப டிஸ்லைக் போட்ட?" என்று கேட்டாள். கை பட்டிருக்கும் என்றேன். அவள் அதை லைக்காக மாற்றினாள். அன்றிலிருந்து சமைக்கும்போதெல்லாம் அதைத்தான் முணுமுணுத்தாள். பதினைந்து வருடமாக எனக்குச் சோறு வைக்கிறவள். நான் எழுதிய பாட்டில் ஒரு வரியைக்கூட அவள் அடுப்படியில் பாடி நான் கேட்டதில்லை.

பாட்டு எங்கும் நுழைந்தது. காத்தான்குடியில் துணி வாங்கப் போனால் கடைக்குள் அது. ஏறாவூர் பஸ்ஸில் அது. கட்டாரில் வேலை செய்கிறவர்கள் அறையில் சோறு வடித்துக்கொண்டே அந்தப் பாட்டுக்கு வாயசைத்துக் காணொளி போட்டார்கள். நான் அதைக் கேட்கும்போதெல்லாம் கொப்பியில்லாமலே மனதுக்குள் புள்ளியும் கோடும் போட்டுப் பார்ப்பேன், எங்கேயாவது பிழை அகப்படாதா என்று. மெட்டின் உச்சம் சரியாக 'சோறு' என்பதில் உள்ள 'சோ'வில் விழுந்தது. வாய் திறந்து நிற்கும் நெடில். பாடகி அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு நிற்கலாம். நான் மூன்று நாள் கோடு போட்டுக் கண்டுபிடிக்கிற இடத்தில் அவன் டிராக்டரில் இருந்துகொண்டு தற்செயலாக வந்து உட்கார்ந்திருந்தான். அவன் கணக்குப் பார்த்துச் செய்திருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

அவனுக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. பிறகு சென்னையிலிருந்தும் வந்தது என்றார்கள். ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பாட்டு எழுத எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு, "எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கான். வெண்பா எல்லாம் எழுதுவான். அவன் கோடு போடுறதப் பாத்துத்தான் மெட்டுக்குள்ள என்ன இரிக்கி எண்டே எனக்குத் தெரிஞ்ச" என்றான். என் பெயரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இரண்டு நாள் கொதித்தேன். சொல்லியிருந்தால் இவன் யார் எனக்குச் சிபாரிசு செய்ய என்று கொதித்திருப்பேன். பொறாமைக்காரனுக்கு எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் தீயும்.

நான் பழுகாமம் போவதை நிறுத்திவிட்டேன். வேலை என்று சொன்னேன். ஒருநாள் அவன் அழைப்பு எடுத்து, "அம்மா கேக்கிறா, ஏன்டா அவன் வாறல்ல எண்டு" என்றான். அடுத்த கிழமை வருகிறேன் என்றேன். அந்த அடுத்த கிழமை ஒரு வருடமாக வந்துகொண்டே இருந்தது. அதற்குள் அம்மா இறந்துவிட்டார். காய்ச்சல் என்று படுத்தவர், மூன்றாம் நாள் எழும்பவில்லை. சாவீட்டுக்குப் போனேன். சனத்தோடு சனமாகப் பின்னால் நின்றுவிட்டு, அவன் கண்ணில் படாமல் திரும்பி வந்தேன்.

இருபத்துநாலாம் நாள் அவன் அச்சகத்துக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. கையில் ஐயரிடம் எழுதி வாங்கிய திதித் துண்டு.

"மச்சான், அம்மாக்குக் கல்வெட்டு நீதான் எழுதணும்."

"நீ எழுதன்டா. உனக்கில்லாத எழுத்தா?" என்றேன். குரலில் இருந்த புளிப்பு எனக்கே கேட்டது.

"எனக்கு வெண்பா வராது, உனக்குத் தெரியுந்தானே. மத்தது, நான் எழுதினா அது பாட்டாப் போயிரும் மச்சான். ஆக்கள் நல்லா இரிக்கி எண்டுவாங்க. அம்மாட காரியத்தில எனக்கு அது வேணாம். நான் மகனா இருந்து வாசிச்சாப் போதும்."

பிழை பார்க்க ஒரு பிரதி அனுப்பட்டுமா என்று கேட்டேன். "நீ எழுதினா நான் என்னத்தப் பாக்கிற?" என்றுவிட்டுப் போய்விட்டான்.

முதலில் எனக்கு வந்தது சந்தோசம். ஊரெல்லாம் பாடும் பாட்டுக்காரன், ஒரு வெண்பாவுக்கு என் வாசலுக்கு வந்திருக்கிறான். வெண்பாவை அன்றைக்கே எழுதினேன். ஆண்டும் மாதமும் திதியும் இடிக்காமல் வந்து உட்கார்ந்தன. நான் எழுதியவற்றில் அது முதல் மூன்றுக்குள் வரும். முப்பத்தோராம் நாளுக்குக் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், இசைக்காரர்கள் வருவார்கள், பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அடுத்தது மகன் புலம்பல். அங்கேதான் கை நின்றுவிட்டது. அவனுடைய 'நான்' ஆக நான் எழுதவேண்டும். தெரியாத நூறு பேருக்கு அப்படி இருந்திருக்கிறேன், ஒரு சிரமமும் இல்லை. அம்மாவைப் பற்றி எழுத எனக்கா விசயம் இல்லை? கவிழ்த்த பானையை நிமிர்த்தியது, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஏசியது, எல்லாம் வந்தன. வர வர ஒரு கேடுகெட்ட யோசனையும் கூடவே வந்தது. மேலே 'மகன் புலம்பல்' என்று போட்டிருக்கும். மகன் யார்? ஊரறிந்த பாட்டுக்காரன். நான் நெஞ்சைக் கிழித்து ஒரு வரி எழுதினால், படிக்கிறவன் என்ன சொல்வான்? 'என்ன இருந்தாலும் அவன்ட எழுத்து அவன்ட எழுத்துத்தான்' என்பான். கடைசிப் பக்கத்தில் என் பெயர் பொடி எழுத்தில் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? என் நல்ல வரியும் அவன் தலையில்தான் பூவாக விழும்.

'அம்மா பொது' கோப்பைத் திறந்தேன். மேலே கிடந்த ஒரு புலம்பலை எடுத்தேன். ஊரை மாற்றினேன், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அச்சுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

முப்பத்தோராம் நாள் காலையில் போனேன். போகாமல் விட்டால் கதை வரும். முற்றத்தில் கொட்டகை, கதிரைகள், நிறையச் சனம். கிரியை முடிந்து கல்வெட்டைக் கொடுத்தார்கள். வழக்கமாக ஊரில் குரல் வளமுள்ள ஒருவர் அதை ராகத்தோடு படிப்பார். இங்கே எல்லாரும் அவனையே படிக்கச் சொன்னார்கள். அவன் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் நின்று புத்தகத்தைத் திறந்தான். அப்போதுதான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும்.

வெண்பாவைப் படித்தான். ஓரிருவர் தலையை ஆட்டினார்கள். பக்கத்தைத் திருப்பினான். நான் என் கையில் இருந்த பிரதியில் அதே பக்கத்தைத் திருப்பினேன். இரண்டாவது பாட்டில் என் கண் விழுந்தது.

'ஆற்றங் கரையிருந்து பாயிழைத்து எம்மை
ஆளாக்கி வைத்தவளே அம்மா.'

அது தேற்றாத்தீவில் ஓர் அம்மாவுக்கு எழுதியது. அவர் பன் புல்லில் பாய் இழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். ஊரை மாற்றினேன், எண்ணிக்கையை மாற்றினேன், பாயை மறந்துவிட்டேன். இந்த அம்மா வாழ்நாளில் பாய் இழைத்ததில்லை. முந்நூறு பிரதியில் இழைத்துக்கொண்டிருந்தார்.

அவன் முதல் பாட்டை ராகமாகப் படித்து முடித்தான். இரண்டாவதைத் தொடங்கினான். 'ஆற்றங் கரையிருந்து' என்று இழுத்தவன் நின்றான். ஒரு மூச்சு எடுக்கிற நேரம்தான். துக்கத்தில் தொண்டை அடைக்கிறது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். பிறகு படித்தான்.

'ஆற்றங் கரையிருந்து சோறுவைத்து எம்மை
ஆளாக்கி வைத்தவளே அம்மா.'

கொட்டகைக்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விம்மல் எழுந்தது, அது அப்படியே பரவியது. எனக்கு அந்த நேரத்திலும் என்ன தோன்றியது என்று சொன்னால் நீங்கள் காறித் துப்புவீர்கள். அசை பிசகவில்லை என்று தோன்றியது. பாயிழைத்து, சோறுவைத்து. ஒரு மாத்திரை கூடவில்லை, குறையவில்லை. புள்ளியும் கோடும் தெரியாதவன், தாயின் படத்துக்கு முன்னால் நின்றபடி, ஒரு மூச்சில் அதைத் திருத்திவிட்டான். அங்கேயும் எனக்கு வயிறு எரிந்தது.

எனக்கு முன் வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு மனிசி கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை உற்றுப் பார்த்தார். "பாயா? அவ எப்ப கா பாய் இழைச்ச?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டார். "அச்சுப் பிழையாக்கும்" என்றாள் அவள். கடைசிப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. நான் பயந்ததுபோல் பொடி எழுத்தில் இல்லை, நன்றாகத் தெரியும்படி பெரிதாகவே போட்டிருந்தார்கள். அவன் சொல்லி வைத்திருக்கிறான்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். பந்தி வைத்துவிட்டார்கள், யாரோ கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவன்தான் சோறு போட்டுக்கொண்டு வந்தான். என் இலைக்கு முன்னால் வந்ததும் வாளியைக் கீழே வைத்துக் குந்தினான்.

"அது ஆர்ட அம்மா மச்சான்?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். உண்மைதான் வந்தது.

"தேத்தாத்தீவுல ஒரு அம்மா. நாலஞ்சு வருசத்துக்கு முதல்."

"நல்ல மனிசியா?"

"தெரியாது. மகள்தான் வந்து விசயம் தந்த."

"ம்" என்றான். ஏசுவான் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் அவனோடு சண்டை பிடித்திருக்கலாம். அவன் அகப்பையால் சோறு அள்ளி இலையில் வைத்தான். என்னைப் பார்க்காமல், சோற்றைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"என்ட பாட்டில வாற அந்த வரி இரிக்கெல்லோ, அது அம்மா சொன்னது. உனக்கு ஞாபகம் இல்லையா?"

"இல்லையே."

"எனக்குச் சொன்னதில்ல மச்சான். நான் வீட்டோட கிடக்கிறவன், எனக்கு ஏன் சொல்லுற? உனக்குத்தான் சொன்னவ. நீ வாற நேரமெல்லாம் ஏசி முடிச்சிப் போட்டு, நீ போகக்குள்ள படலை மட்டும் வந்து சொல்லுவா. 'வாறதெண்டாச் சொல்லு, சோறு வைக்கிறன்' எண்டு. இவன் இத ஒருநாள் எழுதுவான் எண்டு நான் ரெண்டு வருசம் பாத்துட்டு இருந்தன். உனக்குச் சொன்னத நான் எடுக்கிறது சரியில்லத்தானே. நீ எழுதல்ல. மறுகாதான் நான் எழுதின."

வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான். அடுத்தவர் போதும் போதும் என்று கையை மறித்தார். நான் என் இலையில் இருந்ததைச் சாப்பிட்டேன். அந்தப் பந்தியில் கடைசியாக எழுந்தவன் நான்தான்.

பொறாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. நேற்றும் களுவாஞ்சிகுடிச் சந்தியில் ஏறிய ஆட்டோவில் அந்தப் பாட்டுத்தான். "அண்ணன், நீங்களும் பாட்டு எழுதுறதெண்டாங்க. இப்பிடி ஒண்டு எழுதுங்களன்" என்றான் ஓட்டுகிறவன். எரிந்தது. ஆனால் இப்போது பாடகியின் குரல் எனக்குக் கேட்பதில்லை. படலையில் நின்றுகொண்டு அம்மா சொல்கிறார். அவர் கடைசி வருடம் முழுக்க நான் சொல்லவும் இல்லை, போகவும் இல்லை.